மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, அருகிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக எண்ணினார். 'மருந்து' அதிகாரத்தை வகுப்பறையில் பலமுறை நடத்தியிருக்கிறேன். எனினும், பேணுபவரின் அருமையை எனக்கு முழுமையாக உணர்த்தியது எங்கள் இல்லமே.

பக்கவாதத்தால் இடக்கையும் இடக்காலும் தளர்ந்த என் உம்மாவுக்கு இயன்முறைப் பயிற்சியளிக்க, வாரம் மூன்று நாள் ஓர் இளம்பெண் வருவார். மருத்துவமனையில் குரல் கொடுத்தால் ஐவர் ஓடிவருவர்; வீட்டிலோ அவருக்குத் துணை ஒரு சிறு பை மட்டுமே. ஆதலின் தொடங்குமுன் இரத்த அழுத்தம் பார்ப்பார். கெண்டைக்காலில் வீக்கமோ வெம்மையோ உண்டா என நோக்குவார். அங்கு இரத்தம் உறைந்திருப்பின், பிசைவதே உயிருக்கு ஊறாகலாம். படுத்திருப்பவரைச் சற்று உட்காரவைத்து, தலைச்சுற்றல் இல்லையென அறிந்த பின்னரே எழுப்புவார்.

ஒரு ரமலான் முற்பகலில், பயிற்சியின் நடுவே உம்மாவின் நெற்றி வியர்த்தது, விரல்கள் நடுங்கின, சொல் குழறிற்று. மீண்டும் பக்கவாதமோ என நான் கலங்கினேன். அப்பெண் கலங்கவில்லை. உம்மாவைச் சாய்ந்து அமரச்செய்து, முகம் கோணுகிறதா, வலக்கை தாழ்கிறதா என்று பார்த்தவாறே விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தார். கருவி 54 எனக் காட்டிற்று. 70-க்குக் கீழ் இறங்கினாலே அது தாழ்சர்க்கரை. பக்கவாதம் போலவே அது தோன்றவும் கூடும். சஹர் நேரத்தில் நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டு, எவரிடமும் சொல்லாமல் உம்மா நோன்பு நோற்றிருந்தார்!

சர்க்கரை நீரைக் கண்டதும் உம்மா வாயை இறுக மூடிக்கொண்டார். பிற சமயத்தவரான அப்பெண் ஒரு கணம் தயங்கி என்னை நோக்கினார். "உம்மா, நோயாளிக்கு மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு நோற்கலாம். இயலாவிட்டால் ஏழைக்கு உணவளிக்கலாம். குடியுங்கள்" என்றேன். முதலில் ஒரு வாய் விழுங்கச் செய்து, புரையேறவில்லை எனக் கண்டபின், மூன்று தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம், சர்க்கரை கரைத்த நீரை மிடறு மிடறாகப் பருகச்செய்தார். 15 நிமிடம் கழித்துக் கருவி 82 எனக் காட்டிற்று. பேச்சும் தெளிந்தது. பிறகு இட்டிலி உண்ணச்செய்து, மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம்.

"நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்க மாட்டேன், அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைத்திருப்பேன். சர்க்கரை ஏறியும் குழறல் நீங்காதிருந்தால் அப்போதும் 108தான்" என்றார் அவர்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தாலும் இயன்முறைப் பயிற்சி எளியோர் இல்லங்களுக்குச் சென்றது. வருபவரின் திறம் மட்டும் போதாது. நோயாளி உண்டாரா, எம்மாத்திரை விழுங்கினார், நோன்பிருக்கிறாரா என்பவற்றை வாசலிலேயே சொல்லுதல் வீட்டார் கடன். நோன்பு நோற்க விழையும் நீரிழிவு நோயாளர் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளல் நலம்.

அந்த ரமலானில் எஞ்சிய நாட்களுக்கு உம்மா நோன்பு நோற்கவில்லை. நாளுக்கு ஓர் ஏழை வீதம் உணவளித்தார். உணவுப் பொட்டலத்தைத் தம் வலக்கையாலேயே கொடுத்தார்.