நின்றால் ஒரு கணக்கு, நகர்ந்தால் ஒரு கணக்கு

ஃபீனிக்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம் போனால் குவார்ட்ஸைட் வருகிறது. கலிஃபோர்னியா எல்லைக்குச் சுமார் 20 மைல் முன்னால், அரிசோனா பாலைவனத்தின் நடுவில் இருக்கும் சின்ன ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2,400 சொச்சம் பேர். ஜனவரியில் போனால் அந்தக் கணக்கு பொய் என்றுதான் தோன்றும். சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெள்ளையாகப் பெட்டிகள். கிட்டப் போனால்தான் எல்லாம் வண்டிகள் என்று தெரிகிறது. குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்தும் கனடாவிலிருந்தும் பல்லாயிரம் வண்டிகள் இங்கே வந்து இறங்கிவிடுகின்றன.

காரை ஓட்டி வந்தவன் என் மருமகன், அக்கா மகன். ஃபீனிக்ஸை ஒட்டிய சான்ட்லரில் வேலை. ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 1,700 டாலர் வாடகை. "இதையே ஒரு மோட்டார்ஹோமுக்குத் தவணையாக் கட்டினா வீடும் ஆச்சு, வண்டியும் ஆச்சு மாமா" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் கதாநாயகன் ஏறி உட்காரும் ஏசி வண்டி. அதிலேயே குடித்தனம் நடத்துகிறவர்களைப் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினோம்.

ஊருக்குத் தெற்கே 95ஆம் எண் சாலையில் லா போசா. மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான பாலைவனம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்க, நாங்கள் போனபோது, 180 டாலர்; அதுவரை பல வருடங்களாக இதுதான் கட்டணம். நம் பணத்தில் மாதம் இரண்டாயிரம் சொச்சம் ரூபாய் வாடகை. மனை எல்லை, வேலி, எண் பலகை எதுவும் கிடையாது. சரளைத் தரையில் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீர் பிடிக்கக் குழாய், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஓர் இடம், குப்பை போட ஓர் இடம். மின்சாரம் இல்லை. அந்த 180 டாலரும் கட்ட மனமில்லாதவர்களுக்கு ஊரைச் சுற்றி இலவச நிலம் உண்டு. ஆனால் 14 நாள்தான். அதற்குப் பிறகு சாமானைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட வேண்டும்.

எங்களை உட்கார வைத்துப் பேசியது மினசோட்டாவிலிருந்து வந்த ஒரு தம்பதி. அவர் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையார் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். வீட்டை விற்றுவிட்டு ஏழு வருடமாக வண்டியிலேயே இருக்கிறார்கள். 2006ஆம் வருட வண்டி, ஃபோர்டு இ-450 சட்டத்தின் மேல் கட்டிய 28 அடி வீடு. கேட்டது 34,000 டாலர், பேசி 29,000-க்கு முடித்ததாக அவர் பெருமையாகச் சொன்னார். உள்ளே ஏறினால் இடது பக்கம் நான்கு அடுப்பு கேஸ் ஸ்டவ், எதிரே சாப்பாட்டு மேஜை, பின்னால் கட்டில், நடுவில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் கழிவறை. மனைவி கோபித்துக்கொண்டால் போய் நிற்க வேறு அறை இல்லை என்றார். "அதுக்குத்தான் பாலைவனம் இருக்கே" என்றார் அம்மையார்.

கணக்கு நோட்டு அம்மையார் கையில். ஜனவரி பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இடத்துக்கு 26 டாலர், அந்த 180-ஐ ஏழால் வகுத்தது. பெட்ரோல் 45. சமையலுக்கும் ராத்திரி ஹீட்டருக்கும் புரொபேன் 60. மளிகை 510. ஸ்டார்லிங்க் இணையம் 165, இரண்டு ஃபோன் 70. வண்டிக் காப்பீடு 140. துணி துவைக்கும் கடைக்கு 35. மின்சாரத்துக்குக் கோடு போட்டிருந்தார். கூரையில் சூரியத் தகடு, கட்டிலுக்கு அடியில் லித்தியம் பேட்டரி. அவற்றுக்குக் கொடுத்த 3,500 டாலர் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. இதுவரை கூட்டினால் 1,051. அதற்குக் கீழே 'ரிப்பேர்' என்று 400. செலவானாலும் ஆகாவிட்டாலும் மாதாமாதம் எடுத்து வைப்பதாம். ஆக மொத்தம் 1,451 டாலர். மருமகன் என்னைப் பார்த்தான். அவன் வாடகை மட்டுமே அதைவிட அதிகம்.

அம்மையார் ஜூலைப் பக்கத்தைத் திருப்பினார். கூட்டுத்தொகை 3,120.

ஏன் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஏப்ரல் 15 வந்தால் லா போசாவில் சீசன் முடிகிறது. அதற்குப் பிறகு இங்கே இருக்கவும் முடியாது. கோடையில் வெயில் சர்வசாதாரணமாக 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஏசி போட ஜெனரேட்டர் ஓட்டினால் மணிக்கு அரை காலன் பெட்ரோல். பத்து மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளைக்கு 17, 18 டாலர். மாதம் ஐந்நூறுக்கு மேல். ஆகவே வடக்கே போக வேண்டும். இந்த வண்டி காலனுக்கு எட்டு மைல் கொடுக்கிறது, லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. மினசோட்டா போகச் சுமார் 2,000 மைல் என்றால் 250 காலன். காலன் மூன்றரை டாலர் வைத்தால் 875 டாலர். திரும்பி வர இன்னொரு 875. வழியில் இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தும் தனியார் பார்க்குகளில் ஓர் இரவுக்கு 40, 60, சில இடங்களில் 80 டாலர். 62 வயது தாண்டிய அமெரிக்கர்களுக்கு 80 டாலரில் ஓர் ஆயுள் பாஸ் உண்டு. அரசு முகாம்கள் பலவற்றில் அதைக் காட்டினால் பாதிக் கட்டணம். இவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் தத்தித் தத்திப் போகிறார்கள்.

நான் நினைத்துக்கொண்டு போனது வேறு. நினைத்தபோது நினைத்த ஊருக்குப் போவதுதான் இந்த வாழ்க்கையின் சுகம் என்று விளம்பரப் படங்கள் காட்டுகின்றன. இங்கே பார்த்தவர்கள் எல்லோரும் சக்கரத்தை எப்படி உருட்டாமல் இருப்பது என்றுதான் யோசிக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டே நகர்வு; அதற்குமேல் போனால் நோட்டு தாங்காது. வீட்டைச் சுமந்து போகிற நத்தை அவசரப்படாததற்குக் காரணம் இருக்கிறது.

சரி, நகராமலே இருந்துவிட்டால்? மெக்கானிக் என்னை வெளியே கூட்டிப்போய் டயரைக் காட்டினார். பட்டன் தேயவே இல்லை. புது டயர் மாதிரி இருக்கிறது. பக்கவாட்டு ரப்பரில் மட்டும் மயிரிழை வெடிப்புகள். வெயிலில் நின்றே ரப்பர் செத்துவிடும். ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும் ஆறேழு வருடத்தில் ஆறு டயரையும் மாற்ற வேண்டும். அதற்கு 1,200 டாலர். கூரை ஓரங்களிலும் காற்றுப்போக்கியைச் சுற்றியும் பூசியிருக்கும் பசையை வருடாவருடம் ஏறிப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் பார்க்கவில்லை. மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, கட்டைச் சட்டம் ஊறி, கட்டிலுக்கு மேலே சுவர் பஞ்சாகிவிட்டது. பழுது பார்க்க 6,800 டாலர். வண்டி பட்டறையில் கிடந்த 19 நாளும் வீடும் பட்டறையில் கிடந்தது. இருவரும் மோட்டலில் தங்கியதற்குத் தனி ரசீது. கட்டிய வீட்டில் பைப் உடைந்தால் பக்கத்து அறைக்குப் போகலாம், இதில் எஞ்சின் உடைந்தால் கூரை போய்விடுகிறது என்றார். மாதம் 400 எடுத்து வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

சுற்றி நடந்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். எங்கு பார்த்தாலும் தெற்கு டகோட்டா நம்பர் பிளேட். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அபூர்வம். வீடில்லாதவர்களுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கு, வங்கிக்கு, காப்பீட்டுக்கு ஒரு விலாசம் வேண்டும். அந்த மாநிலத்தில் மாநில வருமான வரி கிடையாது; ஓர் இரவு தங்கிய ரசீதும் தபால் வாங்கித் தரும் நிறுவனத்தின் முகவரியும் இருந்தால் உரிமம் எடுக்கலாம். டெக்ஸாஸும் ஃப்ளோரிடாவும் இதற்குப் போட்டி. மருத்துவக் காப்பீடுதான் சிக்கல். 65 வயதுக்கு மேல் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வந்துவிட்டால் நாடு முழுக்க அதை ஏற்கும் மருத்துவர்களிடம் போகலாம். அதற்குக் கீழே இருப்பவர்கள் தாங்களாக வாங்கும் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு மாநிலத்துக்குள்ளேயே முடங்கிவிடும். மருமகனுக்கு வயது 31.

இங்கே எல்லோரும் ஓய்வுக் காலத்தை ரசிக்க வந்தவர்கள் அல்ல. கொஞ்சம் தள்ளிப் போனால் பழைய வேன்கள், பின் இருக்கையை எடுத்துவிட்டுப் படுக்கை போட்ட கார்கள்கூட நிற்கின்றன. வாடகை கட்ட முடியாமல் சக்கரத்துக்கு வந்தவர்கள். பாப் வெல்ஸ் என்பவர் 2011-லிருந்து இவர்களுக்காக இந்தப் பக்கத்தில் குளிர்காலச் சந்திப்பு நடத்தத் தொடங்கினார். ஜெசிகா ப்ரூடர் 2017இல் எழுதிய 'நோமாட்லேண்ட்' புத்தகம் இவர்களைப் பற்றியதுதான். படமாகி 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. மினசோட்டா தம்பதிக்கு மாதம் 1,451 டாலர் சிக்கனம். இவர்களில் பலருக்கு அது கையில் வராத தொகை. கோடையில் முகாம் காவலர் வேலை, இலையுதிர் காலத்தில் வடக்கு டகோட்டா பக்கம் சர்க்கரை பீட்ரூட் அறுவடை என்று வண்டியை வேலைக்குப் பின்னால் ஓட்டுகிறார்கள்.

ஓட்ட முடியாத வயது வந்தால் என்ன செய்வது என்று அம்மையாரிடம் கேட்டேன். டெக்ஸாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில், 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற வண்டிவாசிகள் சங்கத்தை ஒட்டி ஒரு பராமரிப்பு மையம் இருக்கிறதாம். வண்டியை அங்கே நிறுத்தி அதிலேயே இருக்கலாம். சாப்பாடும் பராமரிப்பும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்காக நோட்டில் தனிப் பக்கம் வைத்திருந்தார். அதைக் காட்டவில்லை.

மருமகன் கணக்கு மாறிக்கொண்டே வந்தது. அவன் பார்த்து வைத்திருந்த புது வண்டி 1,50,000 டாலர். எட்டரை சதவீத வட்டியில் 15 வருடத் தவணை என்றால் மாதம் 1,500-ஐ நெருங்கும். வாங்கிய மறுநாளே விலை இறங்கத் தொடங்கும். அதையே வீடாக வைத்துக் குடியிருக்கப் போகிறேன் என்றால் கடன் தராத வங்கிகளும் நிறைய. "அப்போ இவங்க மாதிரி பழசு ஒண்ணு, ரொக்கம் கொடுத்து" என்றான். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போக வேண்டியவன். லா போசா அவனுக்கு இரண்டு மணி நேரத் தூரம். சான்ட்லர் பக்கத்திலேயே நிறுத்த இடம் வேண்டும்.

காரில் உட்கார்ந்தே அந்தப் பக்கத்து பார்க் ஒன்றுக்கு ஃபோன் போட்டான். மாதம் 950 டாலர், மின்சாரம் தனி. எந்த வருட வண்டி என்று அவர்கள் கேட்டார்கள். 2006 என்றான். பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டிகளை உள்ளே விடுவதில்லை என்றார்கள்.