‘சரிங்க சார்’ போதாது

“போன மாசம் ஏம்ப்பா ஆபீசுக்கு வரல?”

“வேலை சார்.”

“குடிச்சிருந்தியா? உங்கம்மாவ நெனச்சுப் பாத்தியா? இப்படியே போனா கோர்ட்டுக்கு எழுதிடுவேன், அப்புறம் உள்ளதான்.”

“சரிங்க சார்.”

பயிற்சி தந்த அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார். “மூணு கேள்வி, ஒரு மிரட்டல். பையன் பேசினது நாலே வார்த்தை. அதுலயும் ரெண்டு ‘சார்’.”

அறையில் சிரிப்பு. குன்றத்தூர் முருகன் மலையடிவாரத்தில் ஒரு மாடி ஹால். வந்திருந்தவர்கள் இளம் நன்னடத்தை அலுவலர்களும் சில சமூகப் பணியாளர்களும். பையனாக நடித்தவரும் அலுவலர்தான். அந்த அம்மா இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

சிறைக்கு அனுப்பாமல் திருத்தப் பார்க்கும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. சென்னை மாகாணம் 1936-லேயே இதற்கெனச் சட்டம் செய்தது. மத்தியச் சட்டம் வந்தது 1958-ல். அதன் 4-வது பிரிவின்படி, நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் ஒருவரை விடுவிக்கலாம். மேற்பார்வையும் வேண்டுமென்று உத்தரவிட்டால் அது குறைந்தது ஓராண்டு. அந்த ஓராண்டில் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டியவர் நன்னடத்தை அலுவலர். சட்டம், விதி, அறிக்கை எழுதும் முறை எல்லாம் சொல்லித்தர வேலூரில் 1979 முதல் சிறைத்துறைப் பயிற்சி அகாடமி இருக்கிறது. பேசுவதும் ஒரு தொழில்நுட்பம் என்பதைத்தான் நாம் லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாம் சுற்று. அதே பையன், வேறு அலுவலர்.

“குடிக்கறதுல உனக்கு என்ன சௌகரியம்?”

பையன் சற்றுத் திகைத்தான். “நைட் ஷிப்ட் முடிஞ்சா உடம்பு வலி சார். ரெண்டு ரவுண்டு போட்டாத்தான் தூக்கம். வீட்லதான்... பாப்பா கிட்டயே வரமாட்டேங்குது, நாத்தம்னு.”

“பாப்பா கிட்ட வரணும்னு இருக்கு உனக்கு.”

பதில் வரவில்லை. அலுவலர் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார். “இருங்க” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “சம்பள நாளாவது நேரா வீட்டுக்குப் போயிடலாம் சார்” என்றான் பையன், யாரும் சொல்லாமலே.

இந்த முறைக்கு வித்திட்டவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர். குடிநோயாளிகளோடு பேசிய அனுபவத்தை 1983-ல் கட்டுரையாக எழுதினார். 1991-ல் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து புத்தகமாக்கினார். மாற வேண்டிய காரணத்தை நாம் அடுக்க அடுக்க, எதிரில் இருப்பவர் மாறாததற்கான காரணங்களை அடுக்குவார். அதனால் காரணம் அவர் வாயிலிருந்தே வரட்டும் என்பதுதான் சாரம். புத்திமதி சொல்லாத பெரியவரைப் பெரியவராகவே மதிக்காத நம் ஊரில் இது கஷ்டமான காரியம்தான்.

ஓர் இளைஞர் நியாயமான சந்தேகம் கேட்டார். “அவனுக்கு எதிரா கோர்ட்டுக்கு எழுதறவனும் நான்தானே மேடம், எங்கிட்ட எப்படி மனசு விட்டுப் பேசுவான்?” அம்மா மழுப்பவில்லை. “எது கோர்ட்டுக்குப் போகும், எது போகாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க. நைச்சியமா பேசிப் போட்டு வாங்கினா, அப்புறம் ஜென்மத்துக்கும் வாயே திறக்க மாட்டான்.”

எனக்கு உறுத்தியது வேறு. மில்லரே நன்னடத்தைப் பணியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்துப் பின்விளைவைச் சோதித்த ஆய்வு 2001-ல் வந்தது. நன்றாகத் தேறிவிட்டதாகப் பணியாளர்கள் சொன்னார்கள். ஒலிநாடாக்களைப் போட்டுக் கேட்டால், தெரிந்த மாற்றம் கொஞ்சமே. எதிரில் இருந்தவர்களின் பேச்சு மாறவே இல்லை. தன் சரக்கையே இப்படி உரசிப் பார்த்த நேர்மை பெரிது. பிறகு 2004-ல் வந்த ஆய்வு வழி காட்டியது: பயிற்சிக்குப் பின் அவரவர் பேச்சைக் கேட்டுத் திருத்திச் சொல்ல ஆள் இருந்தால் திறமை நிற்கிறது. குன்றத்தூரின் பட்டுத் தறிகளில் வேலை பழகுவதும் இப்படித்தான். பக்கத்தில் ஒருவர் இருந்து பிசகைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே துறையிடம் ஒரு வேண்டுகோள். சான்றிதழ் கொடுத்ததோடு பயிற்சியை முடித்துவிட வேண்டாம். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு மாதம் ஓர் உரையாடலைப் பதிவு செய்து, அனுபவசாலி ஒருவர் கேட்டுத் திருத்த ஏற்பாடு செய்யுங்கள். ஓய்வுபெற்ற நல்ல அலுவலர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.