உர மூட்டை தின்ற ஹெரால்டு கார்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில், ஒரகடம் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைச் சுவர்கள்தான். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். சாலையை விட்டு இறங்கி, ஏரிக்கரை ஓரமாக உள்ளே போனால் இன்னும் நெல் நடுகிற ஊர்கள் இருக்கின்றன. அப்படி ஓர் ஊரில், ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் மாட்டுக் கொட்டகையில் 12 வருடமாக ஒரு கார் கிடந்தது. 1970-ம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “எடைக்குத்தான் எடுப்பேன். இருபதாயிரம் வரும்” என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டார். ஆனால், மகன் சாவியைக் கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில் வீட்டில் பேச்சுவார்த்தையே குறைவு. மகன் ஐ.டி.ஐ வெல்டர். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக நான்கு வருடம் இருந்தான். ஒப்பந்தம் முடிந்தது; புதுப்பிக்கவில்லை. “மிச்சம் இருக்கிற நிலத்தை வித்துட்டு ஏதாவது தொழில் பண்ணலாம்” என்று அவன் சொல்ல, “என் காலத்துக்குப் பிறகு பாத்துக்கோ” என்று இவர் சொல்ல, இரண்டு மாதம் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

“தாத்தா வண்டிடா அது. வித்துட்டா அந்த இடத்துல வைக்கோலாவது போடலாம்.”

“தாத்தா வண்டிங்கிறதாலதான்பா சொல்றேன். ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடுறேன்.”

நம்ம ஊர் கார்

ஹெரால்டு வெளிநாட்டுப் பெயராக இருந்தாலும், ஒரு வகையில் இந்தப் பகுதியின் கார். இங்கிலாந்தில் 1959-ல் வந்த இந்த காரை வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. இங்கிலாந்தில் அது இரண்டு கதவு வண்டி. நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டும் வந்தது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் தொழிற்சாலைகள் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, கூப்பிடு தூரத்தில் கார் செய்திருக்கிறார்கள்.

பெரியவரின் அப்பா இதைக் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் பழைய வண்டியாக வாங்கினார். 948 சி.சி இன்ஜின். முன்பக்க மட்கார்டோடு சேர்த்து பானெட் மொத்தமும் முன்னால் கவிழும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். குறுகலான ஊர்த் தெருவுக்கு அது பெரிய வசதி. விதை நெல் மூட்டையிலிருந்து பிரசவத்துக்குப் போன பெண்கள் வரை அந்த வண்டியில் போயிருக்கிறார்கள்.

துரு எங்கிருந்து வந்தது?

மகன் ஸ்க்ரூ டிரைவரால் தரைத் தகட்டைக் குத்தினான். அப்பளம் போல உள்ளே போனது. கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டித் தகடு கையோடு வந்தது. இன்ஜின், கியர் பாக்ஸ், கூரை நன்றாக இருந்தன. துரு முழுக்க இருக்கைக்குக் கீழேதான்.

“அம்பது வருஷ வண்டி. வயசாச்சுல்ல” என்றான்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வயசு இல்லடா. நான்தான்” என்றார்.

அப்பா இறந்த பிறகு, மழைக்கு நனையாத இடம் என்று உர மூட்டைகளை வண்டிக்குள் அடுக்கியவர் அவர்தான். யூரியா, பொட்டாஷ், அமோனியம் சல்பேட்… ஒவ்வொரு போகத்துக்கும். நம்மில் பலரும் செய்கிற காரியம்தான். ஆனால், பொட்டாஷ் என்று நாம் சொல்கிற மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் ஏறத்தாழ பாதி குளோரைடு. சிந்திய உரம் மழைக்காலக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து உப்பு நீராகிறது. கடலோரத்தில் இரும்பு துருப்பிடிப்பதற்கும் இதே குளோரைடுதான் காரணம். இதோடு மாட்டு மூத்திரத்தின் உப்பும் ஈரமும் கீழேயிருந்து சேர்ந்துகொண்டன. மேலே உரம், கீழே கொட்டகை… நடுவில் தகடு எத்தனை நாள் தாங்கும்?

அன்றைக்கு ராத்திரி அப்பாவும் மகனும் வெகுநேரம் பேசினார்கள். வண்டியைப் பற்றித்தான். நிலத்தைப் பற்றி யாரும் எடுக்கவில்லை.

நெல்லுக் காசு வேறு, பால் காசு வேறு

கணக்கு போட்டது பெரியவரின் மனைவி. “நவரைக்கு வெச்சிருக்கிற காசுல கை வெக்கக் கூடாது. ஒரு மாட்டுப் பால் காசு மட்டும் வண்டிக்கு. அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது.” அதனால் வேலை மெதுவாகத்தான் நடந்தது. கேஸ், வெல்டிங் கம்பி, தகடு என்று பால் காசு வரவர வாங்கினார்கள். சில உதிரிபாகங்களுக்குப் புதுப்பேட்டைக்கு ஆறேழு நடை.

ஹெரால்டில் ஒரு நல்ல விஷயம், சேஸ் தனி, பாடி தனி. போல்ட் கழற்றினால் பாடியைத் தூக்கிவிடலாம். துருவேறிய போல்ட்டுகளுக்கு டீசலை விட்டு இரண்டு நாள் ஊறவைத்தார்கள். அக்கம் பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து பாடியைத் தூக்கி, மரக்கட்டைகள் மேல் வைத்தார்கள். அப்போதுதான் சேஸின் பக்கக் கைகள் இரண்டு அரித்துப்போனது தெரிந்தது.

“மேல ஒரு தகட்டை வெச்சு ஒட்டிட்டு, பட்டி போட்டுடலாம்டா” என்றார் பெரியவர், செலவுக்குப் பயந்து.

“துரு மேல தகடு வெச்சா, உள்ளேயே தின்னும்பா. பளபளப்பா இரும்பு தெரியிற வரைக்கும் வெட்டி எடுத்துட்டுத்தான் பத்த வெக்கணும்.”

வெட்டினார்கள். நினைத்ததைவிட இரண்டு மடங்கு போனது. அட்டையில் அளவெடுத்து, தகட்டை மடித்து, துண்டு துண்டாகப் பற்றவைத்தான். அதற்கு முன்பே பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி, தோட்டத்துக்கு எடுத்துப்போய்விட்டார்கள். காலி டேங்க்கில் இருக்கும் ஆவிதான் பெட்ரோலைவிட ஆபத்து என்பது வெல்டருக்குத் தெரியும். நாமும் மனதில் வைக்க வேண்டும்.

சின்ன பாகங்களுக்குச் சலவை சோடா

பிராக்கெட், கீல் போன்ற சின்ன பாகங்களின் துருவை மின்சாரத்தால் எடுத்தான். இது மண்வெட்டி, களைக்கொத்து, கோனோ வீடருக்கும் உதவும்.

பிளாஸ்டிக் தொட்டியில் 20 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சலவை சோடா கரைக்க வேண்டும். துருப்பிடித்த பொருளை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவிலும், வேண்டாத பழைய இரும்புத் துண்டைப் பாசிட்டிவிலும் இணைத்து, ஒன்றை ஒன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். சில மணி நேரத்தில் துரு இளகும். பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே துரு படரும்.

திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். ஹைட்ரஜன் வாயு வரும், நெருப்பு ஆகாது. சார்ஜரை நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும். பாசிட்டிவில் எவர்சில்வர் கூடாது; நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பும் கூடாது. ஸ்பிரிங் போன்ற கெட்டி எஃகு பாகங்களை இதில் போடாதீர்கள். உடையும் தன்மை வந்துவிடும்.

களத்துமேடு வரை

14 மாதம் ஆனது. செலவு ஒரு லட்சத்தைத் தொட்டது. காயலான் கடை விலையோடு ஒப்பிட்டால் நஷ்டக் கணக்குதான். ஆனால், இடையில் இன்னொன்று நடந்தது. கொட்டகையில் வெல்டிங் வெளிச்சம் பார்த்து, ஊர்க்காரர்கள் உடைந்த கலப்பை, வீடர், தண்ணீர்த் தொட்டிக் கதவு என்று கொண்டுவர ஆரம்பித்தார்கள். இப்போது அது மகனுக்குத் தினசரி வேலை. நிலத்தை விற்கும் பேச்சு நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஆனால், இப்போது உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்தப் போகம் நாற்று பறிக்க மகனும் இறங்கினான்.

வண்டி இன்னும் சாலைக்கு வரவில்லை. ஆர்.சி புத்தகம் தாத்தா பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும். 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். ஆனால், அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது. “சந்தைக்குப் போக முடியாத வண்டி எதுக்கு?” என்று பெரியவர் இன்னும் யோசிக்கிறார்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையிலிருந்து களத்துமேடு வரை ஓட்டிப்போய், திருப்பிக்கொண்டு வருகிறார். உர மூட்டைகளுக்குக் கொட்டகைக்கு வெளியே தனி அறை கட்டியாகிவிட்டது. மூட்டைகள் தரையில் படாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. அந்த அறையில் ஓர் இரும்புச் சாமான்கூடக் கிடையாது.