சகோதரிகள் மூவர்

1990-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ஃபாக்ஸ் என்னுந் தொலைக்காட்சி நிறுவனத்தார் 'பேப்ஸ்' என்றதொரு நகைச்சுவைத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கினர். சார்லீன், டார்லீன், மார்லீன் எனும் சகோதரிகள் மூவர் நியூயார்க் நகரத்துச் சிறு குடியிருப்பொன்றிற் கூடி வாழ்வதே அதன் கதை. மூவரும் பருத்த உடலினர். வியாழன் இரவில், பெரும்புகழ் எய்திய 'சிம்ப்ஸன்ஸ்' தொடருக்கு அடுத்தபடியாக இடம் பெற்றும், 1991-ஆம் ஆண்டிலேயே அது நின்றொழிந்தது. ஒரே பருவம், அவ்வளவே அதன் ஆயுள். அறிஞர் போற்றும் நாடகமும் அன்று. அத்தகையதைப் பற்றி இவ்விதழில் எழுதப் புகுந்தது ஏனென வினவுவார்க்கு விடை எளிது. யாமும் பருத்த உடலினேம். எம் தமக்கையாரும் அத்தகையரே.

நகைக்குத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களன்கள் நான்கனுள் முதலாவது எள்ளல். உரைகண்ட பேராசிரியர் அதனை இருவகைப்படுத்துவர்: பிறரை எள்ளித் தான் நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் மற்றொன்று. முதல்வகை யாவர்க்கும் விளங்கும். இரண்டாவதனை விளங்கிக்கொள்ளச் சிறிது பருமையும் வேண்டும் போலும்!

எம் பள்ளி நாட்களில் நாடகந்தோறும் எமக்கு வாய்த்தது ஒரே வேடம். உண்டியில் வேட்கை மிக்க பணிப்பெண். மேடையேறிய அளவிலே, யாம் வாய்திறவாமுன்னரே, அவை நகைக்கும். அந்நகைப்பிலே எமக்கு மகிழ்ச்சியும் உண்டாயிற்று என்பதை மறைத்தற்கில்லை. ஒருமுறை தமக்கையார் இடையிலேயே எழுந்து சென்றுவிட்டனர். இரவில் விளக்கணைந்த பின்னர், "உன்னைப் பார்த்துச் சிரித்தபோது என்னையும் சேர்த்துத்தானே சிரித்தார்கள்?" என்று மட்டும் கேட்டனர். யாம் உறங்கியதுபோற் கிடந்தோம்.

இனி அந்நடிகையர் நிலையைக் காண்போம். சார்லீனாக நடித்த வெண்டி ஜோ ஸ்பெர்பர், 1985-ஆம் ஆண்டு வெளிவந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்திலே கதைத்தலைவனின் தமக்கையாகத் தோன்றியவர். டார்லீனாக நடித்த சூசன் பெரெட்ஸ், 1975-ஆம் ஆண்டின் 'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்திலே தலைவனின் மனைவி. தமக்கை, மனைவி, தோழி. இங்ஙனம் ஓரத்தில் நின்று பழகியவர்களுக்கு இத்தொடர் நடுவிடம் அளித்தது. மார்லீனாக வந்த லெஸ்லி பூன் அப்போது இளம்பருவத்தினர். பாடகி டாலி பார்ட்டனுக்குப் பங்குள்ள நிறுவனமே இதனைத் தயாரித்தது. அவரும் ஒருமுறை விருந்தாக வந்து நடித்தனர்.

மெலிந்தார் பலரிடையே பருத்தவள் ஒருத்தி நின்றால், அவள் ஒன்றுஞ் செய்யாதிருப்பினும் நகைப்பொருள் ஆகிவிடுகிறாள். மூவர் ஒரே வீட்டில் வாழின், கதவடைத்த பின்னர் அங்கே அளவுகோலாக நிற்க மெலிந்தவர் எவருமிலர். அப்போது குற்றம் உடலினதன்று, அறையினது. இவ்வொரு கருத்திற்காகவே இத்தொடரை யாம் மதிக்கின்றோம். ஆயின் அதன் பெயரை மதித்தற்கில்லை. அச்சொல் அந்நாட்டுக் கொச்சையில் எழில்மிக்க இளமகளிரைக் குறிப்பது. இவர்க்கு அதனைச் சூட்டியது கண்சிமிட்டுதலேயாம். உள்ளே இடமளித்துவிட்டு வாயிற்பலகையில் எள்ளலை எழுதிவைத்தாற்போன்றது அது.

சென்ற விடுமுறையில் தொடரின் சில பகுதிகளைக் கணினித் திரையிலே தமக்கையாருடன் கண்டோம். சகோதரிகள் தம்முட் சொற்போர் புரியுமிடத்து அவர் நன்றாகவே நகைத்தனர். உடலைச் சுட்டும் சொல் வந்தபோதெல்லாம் எம் முகத்தை நோக்கினர். யாம் நகைக்கிறோமா என்று பார்த்தனர் போலும். ஸ்பெர்பர் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் உற்றதும், 2001-ஆம் ஆண்டில் புற்றுநோயாளர்க்கும் அவர்தங் குடும்பத்தார்க்கும் துணைநிற்க 'விஸ்பார்க்' என்னும் நிலையத்தை நிறுவியதும், 2005-ஆம் ஆண்டில் 47 வயதில் மறைந்ததும் யாம் கூறக் கேட்டு, நெடுநேரம் பேசாதிருந்தனர்.

இவ்வாண்டு விடுதி விழாவில் நடிக்கவிருக்கும் நாடகத்திற்கு வேடங்கள் வகுத்தாயிற்று. எம் பெயருக்கு எதிரே பணிப்பெண் என்றே எழுதியிருக்கின்றது. ஒத்திகை அடுத்த திங்கட்கிழமை. தமக்கையாருக்கு இன்னுங் கடிதம் எழுதவில்லை.