ராவியது ராவியதுதான்

ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் சேரும் பையன்களுக்கு முதல் வாரம் நான் கொடுப்பது ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும்தான். வைஸ் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது சும்மா வர வேண்டும். சொல்லிவிடலாம், கை கேட்காது. ஆரம்பத்தில் எல்லோருடைய கையும் ஊஞ்சல் ஆடும். ஓரங்கள் இரண்டும் தேய்ந்து நடுவில் முதுகுபோல் மேடு நிற்கும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், ஓரங்களில் நூல்போல வெளிச்சம் கசியும். அந்த நூலைப் பார்க்கப் பழகவே சிலருக்கு ஒரு மாதம் பிடிக்கிறது. கண் பழகிய பிறகுதான் கை திருந்தும்.

அப்புறம் அளவு. 40 மில்லிமீட்டர் சதுரம், கூடவோ குறையவோ 0.04 வரை போகலாம். தலைமுடியின் தடிமன்கூட அதைவிட அதிகமாக இருக்கும். கூடுதலாக இருந்தால் ஸ்மூத் ஃபைலால் இன்னும் இரண்டு இழுப்பு ராவிக்கொள்ளலாம். குறைந்துவிட்டால் வழியே இல்லை. ராவிய தூளைத் திரும்ப ஒட்ட முடியாது. ஜாபை முடித்தவர்கள் வெர்னியரில் அளந்து, நோட்டில் அளவை எழுதி, என் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் கொண்டுவந்தான். நோட்டில் இரண்டு பக்கத்துக்கும் 40.00, 40.00. நான் வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 39.86. பொய் சொல்கிற பையன் இல்லை அவன்.

“ஏன் தம்பி 40 போட்டே?”

“டிராயிங்ல அதானே சார் இருக்கு?”

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பத்து வருடம் பள்ளியில் படித்துவிட்டு வந்தவன். கேட்கிறவருக்கு எந்த விடை வேண்டுமோ அதை எழுதினால் மார்க் கிடைக்கும் என்று நாம்தானே அவனைப் பழக்கியிருக்கிறோம்! கையில் இருக்கும் பொருள் என்ன சொல்கிறது என்று அவனை யாரும் இதுவரை கேட்டதில்லை.

எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. அப்ரண்டிஸாக ஒரு தொழிற்சாலையில் இருந்தபோது, ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தைத் தேய்த்து அளவைக் குறைத்துவிட்டேன். பேரிங் தொளதொள என்று ஓடியது. சென்டர் பஞ்சால் சுற்றிலும் புள்ளி குத்தினால் இரும்பு கொஞ்சம் மேலெழும்பும், பேரிங் கவ்விக்கொள்ளும். அப்படிச் செய்து மாட்டி அனுப்பிவிட்டேன். மேலெழும்பிய அந்தப் பொட்டுகள் ஓட்டத்தில் தேய்ந்து போகும் என்பது தெரிந்தேதான் செய்தேன். சில நாளில் மெஷின் அதிர ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தபோது மேடு தேய்ந்திருந்தது, பஞ்ச் குத்திய குழிகள் மட்டும் அப்படியே இருந்தன. “யாரு வேலைடா இது?” என்று ஃபோர்மேன் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வைஸில் நின்றவன் திட்டு வாங்கினான். அவனிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதனால் அந்தப் பையன் 40.00 என்று எழுதிக் கொண்டுவந்த மறுநாளே மதிப்பெண் போடும் முறையை மாற்றினேன். ஜாபுக்கு ஒரு மார்க், எழுதிய அளவுக்குத் தனி மார்க். ஜாப் கெட்டிருந்தாலும் நோட்டில் உள்ள அளவும் என் வெர்னியரும் ஒத்துப்போனால் அந்த மார்க் முழுதாகக் கிடைக்கும். சக ஆசிரியர் ஒருவர், “கெட்ட வேலைக்கு மார்க்கா?” என்றார். நான் கெட்ட வேலைக்கு மார்க் போடவில்லை.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸ் துணையோடு ரோபோ, சி.என்.சி. என்று புதிய கூடங்கள் பெற்றிருக்கின்றன. மனதார வரவேற்கிறேன். இனி எதற்கு அரம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சி.என்.சி.யில் டூல் தேயத் தேய ஜாபின் அளவு மாறும். ஆபரேட்டர் அளந்து பார்த்து, எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை ஆஃப்செட்டில் ஏற்றுவார். அளக்காமலே ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டால், அந்தப் பிழையோடுதான் அடுத்த ஜாபும் வரும், அதற்கடுத்ததும் வரும். அரத்தில் கெட்டால் கெடுவது ஒரு துண்டு.

அந்தப் பையன் இரண்டாம் வருடம் ஆண்–பெண் பொருத்தம் செய்துகொண்டிருந்தான். ஒரு துண்டின் நீட்டம் மற்றதன் பள்ளத்தில் வெளிச்சம் தெரியாமல் உட்கார வேண்டிய ஜாப் அது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் போகவில்லை. நேராக என் மேஜைக்கு வந்தான்.

“சார், 19.90. கடைசி இழுப்புல இறங்கிடுச்சு.”

நான் இன்னும் வெர்னியரைக் கையில் எடுக்கவே இல்லை. நோட்டைத் திறந்தான், 19.90 என்று எழுதினான். அப்புறம் மூலையில் இருந்த பெட்டியில் புதிய துண்டு ஒன்றைத் தேட ஆரம்பித்தான்.