மூன்றாவது கைக்கு வரும் சின்னக் கார்

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்துவிட்டால், எதைப் பற்றியும் நம்மிடம் கேட்கலாம் என்று உறவினர்கள் எண்ணிவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஜேர்மனியிலிருந்து என் தங்கையின் மகள் கேட்டது ஒரு காரைப் பற்றி. மருத்துவமனையொன்றில் அவளுக்குச் சுத்திகரிப்பு வேலை. முதல் பஸ் வருமுன்பே அங்கே நிற்கவேண்டும். "மாமா, பழைய ஸ்மார்ட் கார் ஒண்டு மலிவா வருகுது. வாங்கலாமோ?" என்றாள். அவளது சேமிப்பு முழுவதும் அதில் போய்விடும் என்பதால், வாய்க்கு வந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. விசாரிக்கத் தொடங்கினேன்.

அந்தக் காரின் பிறப்பே ஒரு செய்திக்கு உரியது. சுவாட்ச் கைக்கடிகாரங்களை உலகறியச் செய்த நிக்கலஸ் ஹேயெக்கின் கனவு அது. 1994இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் அவருடன் கைகோத்தது. பிரான்சின் ஹம்பாக் என்னும் இடத்தில் கட்டப்பட்ட தொழிற்சாலை 1997இல் திறக்கப்பட்டது. 1998 ஒக்டோபரில் கார் விற்பனைக்கு வந்தபோது சுவாட்ச் கூட்டிலிருந்து விலகும் நிலையில் இருந்தது. இரண்டரை மீற்றர் நீளம், இரண்டே இருக்கைகள், பின்புறத்தில் இயந்திரம். 2002இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

அருங்காட்சியகத்தில் நிற்பதற்கு ஒயில் வேண்டியதில்லை. தெருவில் ஓடுவதற்கு வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தலைமுறைக் காரின் பெற்றோல் இயந்திரம் 599 சி.சி. மட்டுமே. மூன்று சிலிண்டர்கள். 2003இல் அது 698 சி.சி. ஆயிற்று. இவ்வளவு சிறிய இயந்திரம் நெடுஞ்சாலையில் மற்றக் கார்களோடு ஓடவேண்டுமானால் அதற்குக் கூடுதல் மூச்சு தேவை. அந்த மூச்சைக் கொடுப்பதே டேர்போ. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழன்று, காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளும். சக்தி கூடும், கூடவே வெப்பமும் கூடும். அந்தச் சக்கரத்தின் தண்டைத் தாங்குவது ஒயிலின் மெல்லிய படலம். இயந்திரத்தில் இருப்பதோ ஏறக்குறைய மூன்று லீற்றர் ஒயில். அதில் ஒரு லீற்றர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள்.

இந்த இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் குறைகள் ஏறத்தாழ ஒன்றே. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தும் கரி பிடித்தும் ஒயில் எரியத் தொடங்குகிறது. வெப்பம் மிகுந்து வால்வு கருகுகிறது. ஒரு சிலிண்டர் அமுக்கத்தை இழக்கிறது. ஒரு லட்சம் கிலோமீற்றரை அண்டும்போது இயந்திரத்தைக் கழற்றிப் புதுப்பிக்க நேர்ந்தவை பல. ஒயில் தொட்டியின் அடியில், வழக்கமாக எந்தக் காரிலும் இருக்கும் வடிகால் ஆணிகூட இதில் வைக்கப்படவில்லை. அளவுக்கோல் செருகும் குழாய் வழியாகவே பழைய ஒயிலை உறிஞ்சி எடுக்கவேண்டும். அடியில் தேங்கும் கசடு முழுவதும் வந்துவிடுமா என்பது ஐயமே. கிளச்சை மிதிக்க மிதிகட்டை கிடையாது. ஒரு சிறு மின்மோட்டார் தண்டால் அதைத் தள்ளுகிறது. பின்சக்கரங்களின் அருகே மழைநீரிலும் சேற்றிலும் கிடந்து அதுவும் துருப்பிடிக்கும்.

இவற்றில் எதுவும் புதுக்கார் வாங்கியவரைப் பெரிதாகத் தொடுவதில்லை. அவருக்கு உத்தரவாதக் காலம் உண்டு. மூன்று, நான்கு ஆண்டுகளில் விற்றுவிடுவார். இரண்டாவது உரிமையாளர் நகருக்குள் குறுந்தூரம் ஓடுவார். இயந்திரம் சூடேறுமுன் நிறுத்துவார். ஒயில் அளவைப் பார்க்கமாட்டார். ஒரு லட்சம் கிலோமீற்றரை நெருங்கும் வேளையில் கார் மூன்றாவது கைக்கு வருகிறது. அந்தக் கை பெரும்பாலும் புதிதாக ஒரு நாட்டுக்கு வந்தவருடையது, இரவுவேலை செய்பவருடையது, சேமிப்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவருடையது. இயந்திரத்தைப் புதுப்பிக்கும் செலவு காரின் விலையையே எட்டிவிடலாம். வடிவமைப்பு மேசையில் மிச்சம்பிடித்ததை இறுதியில் யார் செலுத்துகிறார் என்ற கேள்வியைக் கார் விமர்சனங்கள் கேட்பதில்லை. அவை புதுக்காரைத்தான் ஓட்டிப் பார்க்கின்றன.

மருமகளுக்கு நான் சொன்னவை எளியவை. இயந்திரம் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார். முதலில் ஒயில் அளவுக்கோலை இழுத்துப் பார். ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் நீலப்புகை வருகிறதா என்று ஒருவரை நிறுத்திக் கவனி. ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகளைக் கேள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கராஜில் மூன்று சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து பார்க்கச் சொல். மூன்றும் ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும்.

விற்க வந்தவர் அந்தச் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை. அவள் வாங்கவுமில்லை. அந்தக் கார் நல்ல நிலையில் இருந்திருக்கவும் கூடும். ஒழுங்காகப் பராமரித்து நீண்டகாலம் ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் சேமிப்பு முழுவதையும் "கூடும்" என்ற சொல்லின்மேல் வைக்க முடியாது. சில மாதங்கள் ஒரு சக ஊழியரோடு பெற்றோல் செலவைப் பகிர்ந்து பயணித்தாள். பிறகு டேர்போ இல்லாத, அழகும் இல்லாத ஒரு காரை வாங்கினாள்.

2007இல் வந்த இரண்டாம் தலைமுறையில் மிட்சுபிஷியின் 999 சி.சி. இயந்திரம் பொருத்தப்பட்டது. டேர்போ இல்லாத வகையும் அதில் இருந்தது. மின்சாரத்துக்கு மாறிய பின்பு, 2024இல் அந்த இருவர் காரின் தயாரிப்பே நின்றது. ஹம்பாக் தொழிற்சாலையும் கைமாறி, 2022இல் இரண்டரைத் தொன்னுக்கு மேற்பட்ட இனியோஸ் கிரெனேடியர் வாகனங்களைத் தயாரிக்கத் தொடங்கியது.

இது ஐரோப்பியக் காரின் கதைதானே என்று இலங்கை வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நம் தெருக்களில் ஓடும் ஜப்பானிய 660 சி.சி. கார்களிலும் டேர்போ பொருத்தியவை உண்டு. அவையும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கையாகவே நம்மிடம் வருகின்றன. கார் வேறு, தயாரித்தவர் வேறு. சிறிய இயந்திரத்தில் பெரிய வேலை வாங்கும் முறை ஒன்றே. குறித்த காலத்துக்கு முன்பே ஒயிலை மாற்றுங்கள். நெடுந்தூரம் விரட்டி வந்த உடனே இயந்திரத்தை நிறுத்தாமல் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். மாதம் இருமுறை அளவுக்கோலை இழுத்துப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.