மியாமி அரிசி

போன மாதம் ஒரு பயிற்சி முகாமில் நெல் விதைநேர்த்தி பற்றிப் பேசி முடித்தேன். பின்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்தார். "ஏன் சார், வெளிநாட்டு அரிசி மலிவா வந்தா வாங்கித் தின்னுட்டுப் போகலாமே? நாம ஏன் நஷ்டப்பட்டு நட்டுக்கிட்டு இருக்கணும்? பசங்களும் டவுன்ல பொழைச்சுக்குவாங்க." கூட்டத்தில் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று சமாளித்து வந்துவிட்டேன். சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

கரீபியன் கடலில் ஹைட்டி என்றொரு ஏழை நாடு. அங்கே ஆர்டிபோனிட் ஆற்றுப் பாசனப் பகுதிதான் நெற்களஞ்சியம், நமக்குக் காவிரி டெல்டா மாதிரி. 1980-களின் தொடக்கத்தில் தங்களுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை அவர்களே விளைவித்தார்கள். கடன் கொடுத்த உலக அமைப்புகளும் அமெரிக்காவும் நெருக்கியதில், 1995-ல் அரிசி இறக்குமதி வரி 3 சதவிகிதமாகக் குறைந்தது. அமெரிக்க நெல் விவசாயிக்கு அவர் அரசு மானியம் கொடுக்கும். ஹைட்டி அரசிடம் கொடுக்கப் பணம் ஏது? கப்பல் கப்பலாக வந்து இறங்கியதற்கு மக்கள் வைத்த பெயர் 'மியாமி அரிசி'.

வாங்கித் தின்றவர்களுக்கு முதலில் லாபம்தான், அதை மறைக்கக் கூடாது. நட்டவர்களுக்குத்தான் கட்டுப்படியாகவில்லை. வயலை விட்டுத் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்குக் கிளம்பினார்கள்.

விவசாயத்தை விட்டு ஆட்கள் நகரத்துக்குப் போவதுதான் வளர்ச்சி என்று எனக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். பல வருஷம் நானும் முகாம்களில் அதையே ஒப்பித்தேன். இங்கிலாந்து, ஜப்பான் கதைக்கு அது பொருந்தும். போனவர்களுக்கு ஆலை வேலை காத்திருந்தது. போர்ட்-ஓ-பிரின்ஸில் இருந்தவையோ, குறைந்த கூலி தரும் தையல் ஆலைகள் கொஞ்சம். மற்றவர்கள் தெருவில் எதையாவது விற்றார்கள். மலைச்சரிவிலும் கடலோரத் தாழ்நிலத்திலும் நெருக்கியடித்து வீடு கட்டிக்கொண்டார்கள்.

2008-ல் உலகச் சந்தையில் அரிசி விலை எகிறியது. (அதில் நமக்கும் பங்குண்டு. பாசுமதி அல்லாத அரிசி ஏற்றுமதியை இந்தியா அப்போது தடை செய்திருந்தது.) மலிவு அரிசி மலிவாக இல்லை, சொந்த வயலும் இல்லை. பசித்தவர்கள் தெருவில் இறங்கினார்கள், பிரதமர் பதவி போனது. 2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம். நெரிசலான அந்த நகரத்தில் வீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அந்நாட்டு அரசு சொன்னது.

அதே வருஷம் மார்ச்சில் முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன், அவர்கள் நாட்டு செனட் குழு முன் பேசினார். வரியைக் குறைக்க வைத்தது தன் ஆர்கன்சா மாநில விவசாயிகள் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர் தவறை ஒப்புக்கொண்டது நல்லதுதான். போன நெல் விவசாயி திரும்பி வர அது போதவில்லை.

பெரியவரிடம் இதைச் சொல்லாததற்கு நேரம் மட்டும் காரணமில்லை. என் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் நஞ்சை ஐந்து வருஷமாகத் தரிசாகக் கிடக்கிறது. மகன் சென்னையில், நான் அலுவலகத்தில். அடுத்த மாதம் அதே ஊரில் மறுபடியும் முகாம். அவர் வந்தால் முதலில் இதைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் ஹைட்டி கதைக்குப் போக வேண்டும்.